படுகை: தாழ்ந்து கிடக்கும் நிலம்

தியானப் பகுதி: எசேக்கியேல் 47:1–12, எபிரெயர் 13:12–13



புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலை நகரைத் தாண்டியதும் வெள்ளாற்றைக் கடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பாலத்தின் கீழே நீர் இருப்பதில்லை. மணலும் கோரையும் சீமைக்கருவேலும் தெரியும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் சில நாட்கள் மட்டும் ஆறு தன்னை ஆறு என்று காட்டிக்கொள்ளும். நீர் வடிந்தபின் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன்மேல் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். அத்தகைய நிலத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: படுகை. இந்த வாரம் அந்த ஒரு சொல்லின் வரலாற்றை உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

ஆற்றை அடுத்த நிலத்தைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. நீருக்கு எல்லையாய் நிற்பது கரை. மக்கள் நீரில் இறங்கும் இடம் துறை. நீர் ஒதுக்கிக் குவித்த மணல்மேடு எக்கர். ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் நிலம் துருத்தி என்றும் அரங்கம் என்றும் பெயர் பெற்றது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கம் அப்படிப் பெற்ற பெயர்தான். நம் மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழம்பெயர்; வெள்ளாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் பெயரில் இன்றும் ஒரு துறை நிற்கிறது.

இவற்றுள் படுகை தனித்த சொல். கரையும் எக்கரும் திட்டும் உயர்ந்து நிற்பவை. படுகையோ தாழ்ந்து கிடப்பது. ஆற்றோரத்தில், வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் இடத்தில், பயிர் செய்யத் தகுந்ததாய்க் கிடக்கும் நிலம் அது. பழைய இலக்கியத்தில் வரும் 'படுகர்' என்னும் சொல்லும் இதன் உறவே. பள்ளத்தையும் மருதநிலத்தையும் அது குறிக்கும்.

சொல்லின் வேர் 'படு' என்பது. இந்த வினை இரண்டு வகையாக நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'படுக்கிறான்' என்னும்போது கிடத்தல் என்று பொருள். அதிலிருந்து படுக்கை பிறந்தது. 'படுகிறது' என்னும்போது விழுதல், தொடுதல், தங்குதல், அனுபவித்தல் எனப் பல பொருள்கள் விரிகின்றன. வலையில் மீன் படுகிறது, கண்ணில் ஒரு காட்சி படுகிறது, மனிதன் துன்பப்படுகிறான். இலங்கையின் மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே உள்ள நெல்வயல் பகுதிக்குப் படுவான்கரை என்று பெயர். பொழுது படுகிற திசை என்பதால். வருகிறதிலிருந்து வருகை, செய்கிறதிலிருந்து செய்கை என்பதுபோலப் படுகிறதிலிருந்து படுகை. நீர் வந்து படும் இடம்; நீர் சுமந்து வந்த மண் தங்கும் இடம்.

இதே வேரிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. கெடு என்பது நீண்டு கேடு ஆனது. சுடு என்பது சூடு ஆனது. பெறு என்பது பேறு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அம்முறைப்படி படு என்பது நீண்டால் வருவது பாடு. ஆண்டுதோறும் பெரிய வெள்ளிக்கிழமையில் நாம் தியானிக்கிற இயேசுவின் பாடுகள் என்னும் சொல்லும், ஆற்றோரத்து உழவர் நாவில் வழங்கும் படுகை என்னும் சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். சொல்லின் வேர் எந்த உபதேசத்துக்கும் ஆதாரம் ஆகாது, வேதமே ஆதாரம். ஆயினும் நம் மொழி தன் நிலத்தைப் பார்த்துச் செய்துவைத்திருக்கும் இந்த ஒப்புமை, வேதம் சொல்வதை நாம் விளங்கிக்கொள்ள உதவுகிறது.

இத்தகைய சொற்களைத் தொகுத்துக் காத்தவர்களுள் நம் சபைகளின் முன்னோர்களும் உண்டு. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் உருவானது. பப்ரிசியுஸ் ஐயரின் அகராதி 1779-இல் அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் நைட் என்னும் மிஷனெரி தொடங்கிய பணியை வின்சுலோ முடித்து 1862-இல் தம் பேரகராதியை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் தொடங்கியபோது அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர் மதுரையில் ஊழியம் செய்த சாண்ட்லர் என்னும் மிஷனெரி. வேதத்தை மொழிபெயர்க்க வந்தவர்கள் உழவனின் சொல்லையும் மீனவனின் சொல்லையும் கற்கவேண்டியிருந்தது. மக்களின் சொல்லை அறியாமல் மக்களுக்குச் சுவிசேஷம் சொல்ல இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

படுகை என்னும் சொல் நன்கு வேரூன்றிய இடம் காவிரிக்கரை. காவிரியும் கொள்ளிடமும் பாயும் பகுதிகளில், ஆற்று நீரோட்டத்துக்கும் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைக்கும் இடையே ஒரு நிலப்பட்டை கிடக்கும். அதுவே அங்கே படுகை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் நிலவரிக் கணக்குகளிலும் அதற்கு அதே பெயர்தான். வாழையும் மூங்கிலும் தென்னையும் அங்கே செழிக்கும். திருவையாற்றுப் பக்கத்தில் நடுப்படுகை, கொள்ளிடம் கடலை நெருங்கும் இடத்தில் நாதல்படுகை என ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் நிலைத்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெள்ளக்கரை வயலையும் ஊரையும் காக்கிறது. ஆனால் படுகை அந்தக் கரைக்கு உட்புறத்தில், ஆற்றின் பக்கத்தில் இருக்கிறது. கரைக்கு இப்பால் இருப்பவர் உறங்கும் இரவில் படுகையில் இருப்பவர் விழித்திருக்கவேண்டும். 2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்தது. அம்மாதம் 22-ஆம் நாள் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் உடைந்து நீரோடு போயின. அந்த வெள்ளத்தில் நாதல்படுகையும் அதை அடுத்த முதலைமேடு, வெள்ளமணல் ஆகிய ஊர்களும் நீரில் சூழப்பட்டன. அதற்குப் பிந்திய வெள்ளங்களிலும் அவ்வூர் மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆற்றின் வண்டலை முதலில் பெறுபவர்கள் அவர்கள். ஆற்றின் கோபத்தை முதலில் தாங்குபவர்களும் அவர்களே.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். வெள்ளாறு வெறும் ஓர் ஆறு அன்று. பழங்காலத்தில் அது சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகக் கருதப்பட்டது. அதன் வடபால் பெரும்பாலும் கோனாடு, தென்பால் கானாடு. சங்கப் புலவர்களுள் ஒருவர் பெயரே கோனாட்டு எறிச்சிலூர் மாடலன் மதுரைக் குமரனார் என்று வழங்குகிறது. கோனாட்டு வேளாளருக்கும் கானாட்டு வேளாளருக்கும் இடையே நடந்த பூசல்களை இவ்வட்டாரத்து மரபுக் கதைகள் பேசுகின்றன. ஆறு ஒன்றாகத்தான் ஓடியது. அதன் இரு கரையிலும் நின்ற மனிதர் இரண்டாகிப் போனார்கள்.

காவிரியைப்போல் ஆண்டில் பல மாதம் நீர் ஓடும் ஆறு இங்கே இல்லை. வெள்ளாறும் பாம்பாறும் அக்னியாறும் அம்புலியாறும் மழையை நம்பி ஓடுபவை. ஆகையால் படுகையைக் காட்டிலும் கண்மாயே நம் மண்ணின் சொல் ஆயிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. அவற்றின் மதகுகளையும் குமிழிகளையும் கல்லில் பெயர் பொறித்து அமைத்துச் சென்றவர்கள் நம் முன்னோர். ஓடுகிற நீர் தங்காத நிலத்தில், தங்கும்படி ஓர் இடத்தைக் கையால் தோண்டி உண்டாக்கினார்கள். இயற்கை படுகையைத் தாராளமாகத் தராத இடத்தில் மனிதர் பாடுபட்டு அதை உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். பாடுபடுதல் என்றால் துன்பம் மட்டும் அன்று, உழைப்பும் அல்லவா?

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த காலத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் காவிரி நீரை அறந்தாங்கி, நாகுடிப் பகுதிகளுக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் காவிரியின் குடும்பத்தில் சேர்ந்தது. சொல்லும் அதன்பின் விரிந்தது. முன்பு கரையோரத்து ஒரு துண்டு நிலத்தைக் குறித்த படுகை, இப்பொழுது ஓர் ஆற்றின் பாசனப் பரப்பு முழுவதையும் குறிக்கிறது. நிலவியலார் பூமிக்கு அடியில் அடுக்கடுக்காய்ப் படிந்த பாறைப் பரப்பையும் காவிரிப் படுகை என்றே அழைக்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் இந்த இரண்டு பொருள்களும் நம் மாவட்டத்தில் நேருக்கு நேர் நின்றன. நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு அனுமதி அளித்தபோது, அந்த ஊராரும் சுற்றுப்புறத்தாரும் வாரக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். ஒரு சாராருக்குப் படுகை என்பது ஆழத்தில் எண்ணெயும் எரிவாயுவும் தேங்கிய அடுக்கு. இன்னொரு சாராருக்கு அது நெல்லும் தென்னையும் வேரூன்றிய மேல்மண். மூன்று ஆண்டுகள் கழித்து, 2020-இல், தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதில் நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டன. 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை வட்டம் குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதற்கட்டக் கால்வாய் மாயனூரிலிருந்து நம் தெற்கு வெள்ளாறு வரை வரவேண்டியது. நிலத்தைப் பற்றிய ஒரு சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பது அகராதியோடு முடிகிற காரியம் அன்று. அந்த நிலத்தில் யார் வாழ்வார்கள் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

பிரியமானவர்களே, வேதமும் ஆற்றோர நிலத்தை நன்கு அறிந்த நூல். எபிரெய மொழியில் ஆற்றங்கரைக்கு வழங்கும் சொல் 'சாஃபா'. அதற்கு உதடு என்பது பொருள். குழந்தை மோசேயை அவன் தாய் நைல் நதியின் உதட்டில், நாணலுக்குள் வைத்தாள். யோர்தானின் ஓரத்துத் தாழ்நிலத்துக்கோ வேறொரு பெயர்: 'காஓன்', அதாவது பெருமை, பொங்குதல். அறுப்புக் காலத்தில் யோர்தான் கரைபுரளும் என்று யோசுவாவின் புத்தகம் குறிப்பிடுகிறது. அப்பொழுது மூழ்கும் அந்தப் படுகையில் அடர்ந்த புதர் வளர்ந்திருந்தது. சிங்கம் அங்கிருந்து புறப்பட்டு வருவதாக எரேமியா சொல்கிறார். எலிசாவின் சீஷர்கள் வீடு கட்ட மரம் வெட்டப் போனதும் யோர்தான் கரைக்கே. இரவல் வாங்கிய கோடரி நீரில் விழுந்ததும் அங்கேதான். செழிப்பும் ஆபத்தும் ஒரே இடத்தில் வாழ்கின்றன என்பதை வேதத்தின் மனிதர்கள் அறிந்திருந்தார்கள்.

செழிப்பை மட்டும் பார்த்தவன் லோத்து. நீர்வளம் மிகுந்த யோர்தான் சமவெளியைக் கண்ணேறிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டான். முடிவில் எல்லாவற்றையும் இழந்து ஓடினான். நிலத்தின் வளம் ஒருவனைக் காப்பாற்றவில்லை.

எசேக்கியேல் கண்ட தரிசனத்தை நினைத்துப் பாருங்கள். ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து நீர் புறப்படுகிறது. முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, அதன்பின் கடக்கமுடியாத ஆறு. அந்த நீர் மேட்டை நோக்கிப் போகவில்லை. கீழே, மேலும் கீழே, உயிரற்ற உப்புக் கடல் இருக்கும் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. உலகத்து நிலப்பரப்பில் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். தேவனுடைய கிருபை தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. இரு கரையிலும் மரங்கள் எழும்புகின்றன, மாதந்தோறும் கனி, இலைகளோ மருந்து. ஆனால் அதே அதிகாரத்தின் பதினோராம் வசனம் ஓர் எச்சரிப்பையும் தருகிறது. சேறும் சதுப்புமான இடங்கள் மட்டும் குணமடையாமல் உப்பாகவே விடப்படுகின்றன. நீரைப் பெற்றுக்கொள்வது மட்டும் போதாது. பெற்றதைத் தனக்குள்ளே தேக்கி அழுகவிடும் வாழ்வு உப்பளமாகிவிடும்.

துன்பத்தைப் பற்றி நாம் எளிதாகப் பேசிவிடக் கூடாது. "வெள்ளம் வந்தால் வண்டல் வரும், ஆகையால் வெள்ளம் நல்லது" என்று படுகை உழவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். எல்லா வெள்ளமும் வண்டலைத் தருவதில்லை. வேகமாய்ப் பாயும் நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். அல்லது வயல்மேல் மணலைக் கொட்டி அதைப் பாழாக்கும். நீர் வேகம் குறைந்து சற்று நின்றால்தான் அது சுமந்துவரும் நுண்ணிய மண் கீழே படியும். நீரின் வேகத்தைக் குறைப்பவை எவை? கரையோரத்து நாணலும் கோரையும் மூங்கிலும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கிற இடத்தில் வெள்ளம் தணிகிறது. தணிந்த வெள்ளம் தன் கொடையை விட்டுச் செல்கிறது.

சபை என்பது இதுவே அல்லவா? உங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின்மேல் வெள்ளம் புரண்டு வரும்போது, அது அவர்களுக்கு நன்மைக்கே என்று வசனம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்களோடு நாணலாய் நில்லுங்கள். ஒரு நாணல் வெள்ளத்தை நிறுத்தாது. பல நாணல்கள் சேர்ந்து அதன் வேகத்தைக் குறைக்கும். அந்த இடைவெளியில்தான் கர்த்தர் தம் வண்டலைப் படியச் செய்வார். தனியாய் விடப்பட்ட வயலில் அதே வெள்ளம் மணலை மட்டும் விட்டுப் போகக்கூடும்.

இறுதியாக, நாம் தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். படுகை கரையின் காவலுக்கு வெளியே கிடக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் நம் ஆண்டவரைப் பற்றி இதையே சொல்கிறது: அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார். காவல் உள்ள இடத்தில் அன்று. காவல் இல்லாதவர்கள் நிற்கும் இடத்தில். மனித குலத்தின் பாவமும் நிந்தையும் பெருவெள்ளமாய் வந்தபோது அவர் தம்மைக் கரைக்கு உயர்த்திக்கொள்ளாமல், படுகையாய்க் கிடந்து அதை ஏற்றுக்கொண்டார். அந்தப் பாடுகளின்மேல் நம் வாழ்வு இன்று முளைத்து நிற்கிறது. ஆகையால் நாமும் அவரிடத்திற்குப் புறம்பே புறப்பட்டுப் போகவேண்டும் என்று அந்த நிருபம் அழைக்கிறது.

நம் ஊர்களில் புறம்பே இருப்பவர்கள் யார்? நிலக் கணக்கில் வரிக்கு வெளியே ஒதுக்கிய நிலத்தைப் புறம்போக்கு என்கிறோம். ஆற்றோரத்திலும் கண்மாய் ஓரத்திலும் அத்தகைய நிலத்தில் குடிசை போட்டு, மழைக்காலம்தோறும் வானத்தைப் பார்த்து அஞ்சி வாழும் குடும்பங்கள் உண்டு. அடுத்த பருவமழை வருமுன் உங்கள் சபையிலிருந்து இருவர் மூவராய்ச் சேர்ந்து அவர்களைத் தேடிப் போங்கள். கொடுப்பதற்கென்று மட்டும் போகாதீர்கள். அவர்கள் பெயரைக் கேட்டறியுங்கள்; அவர்கள் சொல்லுகிற சொற்களுக்குச் செவிகொடுங்கள். வெள்ளம் வந்த இரவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதை அவர்களும் அறிந்திருக்கட்டும். வெள்ளாற்றுப் பாலத்தை நீங்கள் அடுத்த முறை கடக்கும்போது, கீழே தாழ்ந்து கிடக்கும் அந்த நிலம் இதை உங்களுக்கு நினைவூட்டுவதாக.

ஜெபிப்போம்.

தாழ்ந்த இடத்தைத் தேடி வருகிற எங்கள் பிதாவே, நீர் தந்த ஆறுகளுக்காகவும் கண்மாய்களுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். எங்கள் இருதயத்தை உயர்ந்த மேடாக அல்ல, உம்முடைய கிருபை வந்து தங்கும் படுகையாக ஆக்கியருளும். பெற்றதைத் தேக்கி உப்பாகிப்போகாதபடி எங்களைக் காத்தருளும். வெள்ளத்தின் பாதையில் வாழ்கிறவர்களை நினைத்தருளும். அவர்கள் அருகே நிற்கும் பலத்தை எங்களுக்குத் தாரும். எங்களுக்காகப் பாடுபட்ட இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.